"நாளைக்கு மேட்ச் இருக்கா அப்பா?"

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் கொலம்பஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் 2025 கோடையில் நீண்ட கடிதம் எழுதினார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

"எனக்கு வயது 41. 2006 ஆகஸ்டில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். முதல் மூன்று மாதம் லேப், அறை, லேப் என்றே போனது. நவம்பர் 18 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். காய்ச்சலில் படுத்திருந்த அறைத்தோழன் தன் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தான். நாட்டிலேயே முதல் இடத்தில் நாங்கள், இரண்டாம் இடத்தில் அவர்கள். 42-39 என்று ஜெயித்தோம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றிலிருந்து நான் பக்கைஸ் என்கிற எங்கள் அணியின் ரசிகன். இரண்டு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன்.

வீட்டில் நாலு பேர். மனைவி, 10 வயது மகள், 5 வயது மகன், நான். வருடா வருடம் ஸ்டேடியம் வாசலில் நாலு பேரும் நின்று கைகளால் ஓ-எச்-ஐ-ஓ என்று எழுத்துக் காட்டிப் படம் எடுப்போம். மகள்தான் 'ஐ'.

2024 நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் பையன்கள் சொதப்பிவிட்டார்கள். 13-10. தொடர்ந்து நான்காவது தோல்வி. நேரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மனைவி காபி கொடுத்து, 'விடுங்க, விளையாட்டுதானே' என்றாள். டம்ளரை டிவி மேல் எறிந்தேன். திரை உடைந்தது. மகள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். யார் மேலும் கை வைக்கவில்லை. அந்த ஆட்டத்தில் 6,000 டாலர் பந்தயம் கட்டியிருந்தது மனைவிக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளுக்கென்று போட்டு வைத்திருந்த சேமிப்பு அது. ராத்திரி, கோல் தவறவிட்ட பையனுக்கு இன்ஸ்டாகிராமில் அசிங்கமாக ஒரு வரி அனுப்பிவிட்டு, காலையில் அழித்தேன்.

ஜனவரி 20 அன்று தேசிய சாம்பியன் ஆனோம். பந்தயத்தில் விட்டதையும் பிடித்துவிட்டேன், 300 டாலர் லாபம்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மனைவியோ இது நோய், டிக்கெட்டை விற்றுவிடுங்கள் என்கிறாள். பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் நடந்த நாட்களில் மகள், 'நாளைக்கு மேட்ச் இருக்கா அப்பா?' என்று முதல் நாளே கேட்பாள். போன வாரம் புது சீசன் அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மகள் அதைப் பார்த்துத் தன் நோட்டில் தேதிகளை எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. பிறகு எட்டிப் பார்த்தேன். எந்தத் தேதிக்கு எந்தத் தோழி வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாள்.

இது நோயா? டிக்கெட்டை விற்க வேண்டுமா? இன்னொன்று: மாமனாருக்கு எழுபதாம் கல்யாணம், திருக்கடையூரில், நவம்பர் கடைசி வாரம். நவம்பர் 29 மிச்சிகன் ஆட்டம். என்ன செய்வது?"

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நோட்டைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாம். விடாமல் எழுதினீர்களே, அதை வைத்துத்தான் இந்தப் பதிலைத் தொடங்குகிறேன். எங்கே வலிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

முதலில் உங்கள் மனைவியின் பேச்சில் ஒன்றைத் திருத்துகிறேன். ஒரு கல்லூரி அணியை உயிராக நேசிப்பது நோய் இல்லை. யாருமில்லாத ஊரில், மூன்று மாதம் தனியாகக் கிடந்த 22 வயதுப் பையனை ஒரு லட்சம் பேர் தங்களோடு சேர்த்துக்கொண்ட நாள் அது. கோவிலோ தமிழ்ச் சங்கமோ உங்களுக்கு அறிமுகம் ஆவதற்கு முன்பே அந்த அணி அறிமுகமாகிவிட்டது. உள்ளூர் அணியோடு தங்களை அடையாளப்படுத்திக்கொள்கிறவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவாக இருப்பதை டேனியல் வான் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்த ஊர்களில் உள்ள நம் குடும்பங்களோடு பேசி வருகிற எனக்கும் அது நன்றாகத் தெரியும். கடையில் சிவப்புத் தொப்பியைப் பார்த்து ஒருவர் 'ஓ-எச்' என்று குரல் கொடுக்க, நீங்கள் 'ஐ-ஓ' என்று பதில் சொல்லும் அந்த ஒரு நொடியில் நீங்கள் வெளிநாட்டுக்காரர் இல்லை. அதை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டியதில்லை.

ஆனால் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "42-39 என்று ஜெயித்தோம்." "பையன்கள் சொதப்பிவிட்டார்கள்." ஜெயித்தால் நாம், தோற்றால் அவர்கள். இது உங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள். அணி ஜெயித்த வாரம் திங்கட்கிழமை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகமாக அணிந்து வந்தார்கள், பேச்சிலும் 'நாம்' கூடியது. அவர்கள் கணக்கெடுத்த ஏழு பல்கலைக்கழகங்களில் உங்கள் ஓஹியோ ஸ்டேட்டும் ஒன்று, மிச்சிகனும் ஒன்று. வெற்றியில் பங்கு கேட்பது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. தோல்வியின் பங்கை யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்பதில்தான் கேள்வி. அன்று நீங்கள் அதை வீட்டில் இறக்கி வைத்தீர்கள்.

ஜனவரியில் கிடைத்த கோப்பை நவம்பருக்கு மன்னிப்பு ஆகாது

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இதுதான். நவம்பர் 30-க்கும் ஜனவரி 20-க்கும் இடையே 51 நாள். அந்த 51 நாளில் அணிக்கு எல்லாம் மாறியது. பயிற்சியாளர் ரையன் டேயை வெளியே அனுப்பு என்று கத்திய ரசிகர்கள், டென்னசி, ஓரிகன், டெக்சாஸ், கடைசியில் அட்லாண்டாவில் நோட்டர் டேம் என்று நான்கையும் அவர் ஜெயித்த பிறகு கொண்டாடினார்கள். உங்கள் மனதிலும் கணக்கு முடிந்துவிட்டது. 34-23, தேசிய சாம்பியன், அப்புறம் என்ன?

உங்கள் மகள் அந்த 51 நாளை எப்படிக் கழித்திருப்பாள் என்று யோசியுங்கள். அவள் கேட்ட கேள்வி "நாளைக்கு நாம ஜெயிப்போமா?" என்பது இல்லை. "மேட்ச் இருக்கா?" என்றுதான் கேட்டாள். மழை வருமா, குடை எடுக்கணுமா என்று கேட்பதைப் போல. அணி நான்கு முறை ஜெயித்ததால் அப்பா நான்கு முறை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவள் புரிந்துகொண்டிருப்பாள். தோற்றிருந்தால்? அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் நோட்டில் தோழிகளின் பெயர்கள்.

"யார் மேலும் கை வைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை, அதை மதிக்கிறேன். ஆனாலும் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்ட குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டேவிட் கார்ட், கோர்டன் டால் என்ற இரு பொருளியலாளர்கள் தொழில்முறை ஃபுட்பாலை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் அணி எதிர்பாராமல் தோற்ற நாட்களில், வீட்டுப் பெண்கள் மீது ஆண்கள் கைநீட்டியதாக வரும் போலீஸ் பதிவுகள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. தோற்கும் என்று எதிர்பார்த்து தோற்றபோது அப்படிக் கூடவில்லை. மிச்சிகன் சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட ஆட்டம்தான் நீங்கள் பார்த்தது. நீங்கள் நின்ற இடம் வழுக்கும் இடம். அன்று டம்ளரோடு நின்றது.

உங்களுக்கு வுடி ஹேஸைத் தெரியாமல் இருக்காது. 28 சீசன் ஓஹியோ ஸ்டேட்டின் பயிற்சியாளர், ஐந்து தேசியப் பட்டம். 1978 டிசம்பர் 29 அன்று கேட்டர் பௌல் ஆட்டத்தில், தன் அணியின் பந்தைப் பறித்த கிளெம்சன் வீரனை ஓங்கிக் குத்தினார். அடுத்த நாள் வேலை போனது. கோபம் ஒரு நொடிதான், அதற்கு முன்னால் இருந்த 28 வருடத்தாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

மன்னிப்பை எப்படிக் கேட்பது? மகளைத் தனியாக உட்காரவைத்து, சின்னதாக. "அன்னிக்கு அப்பா டம்ளரை எறிஞ்சது தப்பு. நீ பயந்தது சரிதான். உன் மேலயோ அம்மா மேலயோ எந்தத் தப்பும் இல்ல. இனிமே எனக்குக் கோபம் வந்தா வெளியே போய் நடந்துட்டு வருவேன்." அவ்வளவுதான். "அப்பாவுக்கு டென்ஷன்", "அம்மா அப்படிச் சொல்லாம இருந்திருந்தா" என்று எதையும் சேர்க்காதீர்கள். அவள் பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். உடனே கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். இந்த சீசனில் ஒரு தோல்வியை நீங்கள் அமைதியாகத் தாண்டிக் காட்டிய பிறகுதான் அவள் நம்புவாள். அவள் தோழி வீட்டுக்குப் போவதையும் தடுக்காதீர்கள்.

மகனுக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று விட்டுவிடாதீர்கள். அவனிடமும் அவன் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள்.

விட்டதைப் பிடித்ததாகச் சொல்லும் கணக்கு

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இது. நீங்களோ இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

2007 ஜனவரியில் ஃப்ளோரிடாவிடம் 41-14 என்று பட்டத்தை இழந்தபோது சாப்பிடாமல் படுத்துத் தூங்கியதாக வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறமும் எத்தனையோ தோல்விகள். அப்போதெல்லாம் எதையும் எறிந்ததில்லை. ஓஹியோவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி தொடங்கியது 2023 ஜனவரி 1. நீங்கள் கைபேசியில் பந்தய ஆப்பை இறக்கியது அந்த வருடம். பதினாறு வருடம் வெறும் அன்பினால் பார்த்த ஆட்டத்தில் பணம் நுழைந்தது, மறைப்பது நுழைந்தது, பயம் நுழைந்தது. மனைவி "விளையாட்டுதானே" என்றபோது அவருக்குத் தெரியாத ஒன்று உங்கள் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்த டம்ளரில் காபியோடு 6,000 டாலரும் இருந்தது. உங்கள் கோபத்துக்கு இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. எதை விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பக் கட்டுவது, குடும்பத்திடம் மறைப்பது, மனது சரியில்லாதபோது பந்தயத்தில் போய் நிற்பது. இந்த மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு இருந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் உங்களுக்கு அந்தப் பெயரை வைக்க மாட்டேன். நேரில் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஜெயித்ததால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். விட்டதைப் பிடித்தவர் அடுத்த முறை அதைவிடப் பெரிய தொகையைக் கட்டுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை இவை:

- *மனைவியிடம் சொல்வது.* எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை முறை, எல்லாம். டெக்சாஸோடு முதல் ஆட்டம் ஆகஸ்ட் 30. அதற்கு முன்பே சொல்லுங்கள். பணம் திரும்பி வந்துவிட்டதே என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் கோபப்பட்டால் அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

- *வழியை அடைப்பது.* ஆப்பை நீக்கினால் போதாது, இரண்டு நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடலாம். 'டைம் அவுட் ஓஹியோ' என்று மாநிலமே நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. நீங்களாகவே பெயரைப் பதிந்தால் ஒரு வருடம், ஐந்து வருடம் அல்லது வாழ்நாள் முழுக்க ஓஹியோவில் பந்தயம் கட்ட முடியாது. ஐந்து வருடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். மகளுக்கு அப்போது 15 வயது. ஓஹியோவின் சூதாட்ட உதவி எண் 1-800-589-9966.

- *கணக்கு வழக்கு.* பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கைக் கொஞ்ச நாள் மனைவி பார்த்துக்கொள்ளட்டும். வரி விஷயத்தையும் நினைவில் வையுங்கள். "300 டாலர் லாபம்" என்பது உங்கள் மனக்கணக்கு. மத்திய வரியில் பந்தயத்தில் ஜெயித்த தொகையை வருமானமாகக் காட்ட வேண்டும். தோற்றதைக் கழிப்பதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அதிலும் ஒரு வருடத் தோல்வியை அடுத்த வருட ஜெயிப்பில் கழிக்க முடியாது. உங்கள் தோல்வி 2024-ல், ஜெயித்ததில் பாதிக்கு மேல் 2025-ல். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்கிறீர்கள் என்றால் அதில் மனைவியின் கையெழுத்தும் இருக்கும். அவருக்குத் தெரியாத ஒன்றுக்கு அவர் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. இருந்தாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது: மணவாழ்க்கைச் சொத்தை ஒருவர் மறைத்தாலோ வீணடித்தாலோ, மணமுறிவு என்று வரும்போது ஓஹியோ நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்து மற்றவருக்கு ஈடு செய்யலாம். உங்கள் மனைவி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிக்கெட்டை விற்கத்தான் சொல்கிறார். எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கிறார் பாருங்கள்.

அந்தப் பையன்

இன்ஸ்டாகிராமில் நீங்கள் எழுதிய வரி என்னவென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ஒரு கல்லூரி மாணவனின் கைபேசி. இன்னும் எட்டு வருடத்தில் உங்கள் மகளும் கல்லூரிக்குப் போவாள்.

ஓஹியோ ஸ்டேட்டிலேயே ஹாரி மில்லர் என்ற வீரர் இருந்தார், எஞ்சினியரிங் மாணவர். தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகப் பயிற்சியாளர் டேயிடம் போய்ச் சொன்னார். டே உடனே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். 2022 மார்ச்சில் மில்லர் ஆட்டத்தை விட்டு விலகுவதாக வெளிப்படையாக எழுதினார். டேயின் தந்தை தற்கொலையில் இறந்தவர், அப்போது டே சின்னப் பையன். அவரும் மனைவியும் குழந்தைகளின் மனநலத்துக்காக ஒரு நிதியே ஏற்படுத்தியிருக்கிறார்கள். வெளியே அனுப்பு என்று கூட்டம் கத்தியது இந்த மனிதரைப் பார்த்துத்தான்.

அந்த மாணவனுக்கு இப்போது போய் மன்னிப்புச் செய்தி அனுப்ப வேண்டாம், அது அவருக்கு இன்னொரு தொந்தரவு. ஆட்ட நாளன்று முடிவு தெரிந்த பிறகு கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட்டை விற்பதா?

மூன்று வழி தெரிகிறது. முழுசாக விற்றுவிடலாம். அப்படியே வைத்துக்கொள்ளலாம். அல்லது இந்த ஒரு சீசன் பாதி ஆட்டங்களுக்கு மட்டும் போகலாம்.

விற்றால் மனைவிக்கு உடனே நிம்மதி கிடைக்கும். ஆனால் பந்தயம் ஸ்டேடியத்தில் இல்லை, உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. டிக்கெட் போன பிறகு வீட்டு சோபாவில் உட்கார்ந்து பந்தயம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் நல்லது போய்க் கெட்டது மட்டும் மிஞ்சும். அப்படியே வைத்துக்கொண்டால் அவர் கேட்டதை நீங்கள் காதில் வாங்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் என் யோசனை மூன்றாவது. ஒன்று முக்கியம்: பந்தய விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் டிக்கெட்டைப் பற்றி முடிவெடுக்க அவரிடமே கேளுங்கள். முழு விவரமும் தெரிந்த பிறகும் அவர் விற்கத்தான் சொன்னால், இந்த வருடம் விற்றுவிடுங்கள். உங்கள் அணி 1890-லிருந்து ஆடுகிறது, அடுத்த வருடமும் ஆடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கோபம் வரும் என்று தெரிந்தால் நடக்கப் போங்கள் என்றேன். கார் சாவியை எடுக்காதீர்கள், நடந்து போங்கள்.

உங்கள் மனைவியும் இதைப் படிப்பார் என்று நம்பி ஒன்று சொல்கிறேன். அம்மா, வீட்டில் எப்போதாவது பயமாக இருந்தால் 1-800-799-7233 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். அடி விழுந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. கூப்பிட்டால் குடும்பம் உடைந்துவிடும் என்றும் இல்லை. கணவர் மேல் புகார் கொடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

திருக்கடையூர்

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. போய் வாருங்கள்.

எழுபதாம் கல்யாணம் ஒரு முறைதான். மாமனாரையும் மாமியாரையும் கலசத் தண்ணீரில் நனைத்து, மறுபடி தாலி கட்டவைத்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காலில் விழும் நேரத்தில் மாப்பிள்ளை இல்லையென்றால் உங்கள் மனைவி அதை ஊரார் முன் சுமக்க வேண்டும். ஏற்கெனவே நிறையச் சுமந்துவிட்டார். நீங்கள் போவதோடு நிறுத்தாமல் வேலைகளையும் எடுத்துச் செய்யுங்கள். சாப்பாட்டுப் பந்தியைக் கவனியுங்கள், வந்தவர்களைத் தங்குமிடத்தில் கொண்டு போய் விடுங்கள்.

இந்த வருட ஆட்டம் மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பரில்தான் நடக்கிறது. எப்படியும் உங்கள் சீசன் டிக்கெட்டுக்கு அதில் வேலை இல்லை. வழக்கம்போல் அங்கே பகல் 12 மணிக்குத் தொடங்கினால் நம் ஊரில் ராத்திரி பத்தரை. எல்லோரும் படுத்த பிறகு, பந்தயம் ஏதும் இல்லாமல், நீங்கள் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2006-ல் அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தீர்களே, அந்த மாதிரி பார்த்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் கேட்டது உங்கள் குரல் மட்டும்தான். மனைவி என்ன நினைக்கிறார் என்பதையும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆகஸ்ட் 30-க்கு முன்னால் அவரோடு பேசி முடித்த பிறகு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் ஒரு பக்கத்தை அவர் கைப்பட எழுதட்டும், நீங்கள் படித்துப் பார்க்காமல் உறையில் போடுங்கள்.